இழுப்பும் எதிர்ப்புச் சக்தியும்: ஒவ்வாமை ஆஸ்துமாவில் நிர்ப்பீடனக் கலங்கள் செய்வது என்ன?

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வந்தால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று சொல்லி முட்டையும் சத்துமாவும் வாங்கிக் கொடுப்பது நமது வழக்கம். முட்டை கொடுப்பது நல்லதே. சொல்லப்படும் காரணம்தான் பொருந்தாது. ஒவ்வாமையால் வருகின்ற ஆஸ்துமாவில் எதிர்ப்புச் சக்தி, அதாவது நிர்ப்பீடனம், குறைந்துபோய் இருப்பதில்லை. அது முழுப் பலத்தோடு இயங்குகிறது. புழுக்களை எதிர்ப்பதற்கென்று உடல் வைத்திருக்கும் பெரிய ஏற்பாடு ஒன்றை, வீட்டுத் தூசியைப் போன்ற தீங்கற்ற ஒன்றின்மீது திருப்பிவிடுகிறது. இழுப்பு, வீசிங், முட்டு என்று எந்தப் பெயரால் அழைத்தாலும், இந்த நோயின் பின்னால் இருக்கும் கலங்களை ஒருமுறை பார்த்துவிட்டால், கிளினிக்கில் கொடுக்கும், மருந்தை மூச்சோடு உறிஞ்சுவதற்கான இரண்டு நிற பம்புகளில் ஒன்றைச் சுகமாக இருக்கும் நாளிலும் ஏன் எடுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

முதலில் மூச்சுக்குழாயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தொண்டையிலிருந்து இறங்கும் காற்றுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைவிட்டு, நுரையீரலின் ஆழத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள நுண்குழாய்களாக முடிகிறது. இக்குழாய்களின் உட்புறத்தை மேலணிக் கலங்கள் என்னும் மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. அதற்கு வெளியே தசைநார்கள் குழாயைச் சுற்றி வளைத்திருக்கின்றன. ஆஸ்துமாவில் தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, சளி பெருகி வழியை அடைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து குறுக்கிய குழாயின் வழியே காற்று வெளியேறும்போது எழும் சத்தத்தைத்தான் நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று கேட்கிறோம். தசை இறுகுவது நிமிடங்களில் நடந்து நிமிடங்களில் தளரக்கூடியது. வீக்கமும் சளியும் அப்படிப்பட்டவை அல்ல; அவை நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிப்பவை, அவற்றை நடத்துபவை நிர்ப்பீடனக் கலங்கள்.

இனி, ஒவ்வாமையைத் தூண்டும் பொருளைப் பார்ப்போம். உலகெங்கும் ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு மிக முக்கியமான காரணங்களுள் ஒன்று தூசிப் பூச்சி. எட்டுக் கால்கள் கொண்ட, சிலந்தியின் தூரத்து உறவான இவ்வுயிரியின் நீளம் ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், வெறும் கண்ணுக்கு அது தென்படுவதில்லை. மெத்தை, தலையணை, கம்பளி ஆகியவற்றில் வாழ்ந்து, நமது தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரலிப்பை உடலால் உறிஞ்சியே பிழைக்கிறது. ஆகவே காற்றின் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அது உலர்ந்து மடியும். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற உயரமான, உலர்ந்த மலையூர்களில் ஆஸ்துமா நோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை அளித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் நமது மலை உலர்ந்த மலை அன்று. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களை நனைத்துக்கொண்டே இருக்கையில், சன்னல் ஒன்றோ இரண்டோ மட்டுமே உள்ள, தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயன் அறையில் கம்பளி ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. உயரம் தூசிப் பூச்சியை விரட்டுவதில்லை, வறட்சியே விரட்டுகிறது. அந்த வறட்சி நம்மிடம் இல்லை.

நோயை உண்டாக்குவது பூச்சி கடிப்பதன்று. அது கடிப்பதே இல்லை. அதன் எச்சத்தின் துணுக்குகளில் இருக்கும் புரதங்களே பிரச்சினை. படுக்கையை உதறும்போது அத்துணுக்குகள் காற்றில் எழுந்து, சிறிது நேரம் மிதந்து, மூச்சோடு உள்ளே போகின்றன. அப்புரதங்களில் ஒன்று சமிபாட்டு நொதியத்தைப் போலப் பிற புரதங்களை வெட்டும் இயல்புடையது. மேலணிக் கலங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இணைப்புகளையே அது அறுத்துவிடும். காயப்பட்ட மேலணிக் கலங்கள் அபாய அறிவிப்பாகச் சில இரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இத்தகைய செய்திப் புரதங்களைச் சைட்டோகைன்கள் என்பர். மேலணியை நீண்ட காலம் வெறும் போர்வையாகவே மருத்துவ உலகு கருதியிருந்தது. ஒவ்வாமையின் முதல் அறிவிப்பு அங்கிருந்தே எழுகிறது என்பது அண்மைப் பத்தாண்டுகளில்தான் உறுதியானது.

அந்த அறிவிப்பைக் கேட்டு முதலில் அசைபவை மேலணிக்குச் சற்றுக் கீழே கிளைகளை விரித்தபடி இருக்கும் டென்ட்ரிட்டிக் கலங்கள். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் விவரித்த இவற்றுக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை தூசிப் பூச்சியின் புரதத்தை விழுங்கி, துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு நிர்ப்பீடனக் கலங்கள் கூடும் இடமான, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பயணம் செய்கின்றன. அங்கே இதுவரை எந்தப் பொருளையும் சந்தித்திராத ரி கலங்கள் என்னும் வெள்ளைக்குருதிக் கலங்கள் காத்திருக்கின்றன. எந்தப் பொருளைக் காட்டுகிறது என்பதோடு, எத்தகைய சூழலில் அதைக் கண்டெடுத்தது என்பதையும் டென்ட்ரிட்டிக் கலம் தெரிவிக்கிறது. மேலணியின் அபாய அறிவிப்பு கூடவே வந்திருந்தால், அந்த ரி கலம் இரண்டாம் வகை உதவி ரி கலமாக மாறுவதற்குச் சாத்தியம் அதிகம். உதவி ரி கலங்களில் இப்படித் தனித்தனி வகைகள் உண்டு என்பதை 1986இல் மொஸ்மனும் கொஃப்மனும் எலிகளின் கலங்களைக் கொண்டு காட்டினர். முதலாம் வகை, கலங்களுக்குள் ஒளிந்து வாழும் கிருமிகளுக்கு எதிராக வேலை செய்வது; இரண்டாம் வகை, புழுக்களுக்கு எதிரான ஏற்பாட்டை நடத்துவது. ஒவ்வாமை ஆஸ்துமாவின் கதை ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டாம் வகையின் கதைதான்.

எல்லோருடைய நுரையீரலுக்குள்ளும் இதே தூசி போகிறது. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. பெரும்பாலோரிடம் ஒழுங்காக்கும் ரி கலங்கள் என்னும் இன்னொரு வகை, இது எதிர்க்கத் தேவையில்லாத பொருள் என்று மற்றக் கலங்களை அடக்கிவைக்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்கள், குழந்தைப் பருவத்தில் வந்த மூச்சுத்தொற்றுகள், வீட்டுக்குள் நிறையும் புகை ஆகியவை இந்த அடக்கம் நிலைக்கிறதா குலைகிறதா என்பதில் செல்வாக்குச் செலுத்துகின்றன.

இரண்டாம் வகை ரி கலங்கள் மூன்று செய்திகளை அனுப்புகின்றன. அவற்றுக்கு இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று பெயர். நான்காம் எண்ணுள்ளது பி கலங்கள் என்னும் வெள்ளைக்குருதிக் கலங்களைச் சென்றடைந்து, அவை செய்யும் பிறபொருளெதிரியின், அதாவது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதத்தின், வகையை மாற்றச் சொல்கிறது. அப்படி மாறி உருவாகும் பிறபொருளெதிரியே ஐஜிஈ. குருதியில் ஐஜிஜி என்னும் பொதுவான வகையோடு ஒப்பிட்டால் ஐஜிஈ பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அதனாலேயே அது வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. 1921இல் பிரவுஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் தங்கள் உடலிலேயே ஒரு சோதனை செய்தார்கள். கியூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய குருதித் தெளிநீரில் கொஞ்சத்தைப் பிரவுஸ்னிட்ஸின் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது, மீனை எந்தத் தொல்லையுமின்றி உண்டுவந்த பிரவுஸ்னிட்ஸுக்கு அவ்விடம் மட்டும் தடித்துச் சிவந்தது. தெளிநீரில் ஏதோ ஒன்று ஒவ்வாமையைக் கடத்துகிறது என்பது அன்று தெரிந்தது. அது எது என்பதை அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியும், சுவீடனில் ஜொஹான்சன், பென்னிச் ஆகியோரும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிய ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

ஐஜிஈ குருதியில் தங்குவது இரண்டொரு நாள்தான். மூச்சுக்குழாய்ச் சுவரில் குடியிருக்கும் மாஸ்ட் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டபின் அது வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். 1878இல் பவுல் ஏர்லிக் சாயமேற்றிப் பார்த்து விவரித்த இக்கலங்களின் வயிறு நிறையச் சிறுமணிகள் உண்டு. அம்மணிகளுக்குள் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் செய்து முடித்துத் தயார் நிலையில் இருக்கின்றன. இந்தக் கட்டம் வரை நோயாளிக்கு எதுவும் தெரியாது. இருமல் இல்லை, இழுப்பு இல்லை. தேங்காய்த் துண்டைச் செருகி, கம்பியை இழுத்து மாட்டி, அடுப்பங்கரை மூலையில் வைத்த எலிப்பொறியைப் போல மாஸ்ட் கலம் காத்திருக்கிறது.

பிறகு ஒருநாள் அதே புரதம் மீண்டும் உள்ளே வருகிறது. ஒரு துணுக்கு அருகருகே உள்ள இரண்டு ஐஜிஈ மூலக்கூறுகளை ஒரே சமயத்தில் பற்றிப் பாலமிட்டாலே போதும். மாஸ்ட் கலம் தன் மணிகளைக் கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமின் உடனே வெளிவருகிறது. லியூகோட்ரையீன்கள் என்னும் கொழுப்புப் பொருள்கள் அடுத்த சில நிமிடங்களில் புதிதாகச் செய்யப்பட்டு வெளிவருகின்றன. தசையை இறுக்குவதில் லியூகோட்ரையீன்கள் ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு வலியவை. தடிமனுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பிரிட்டோன் மாத்திரை ஹிஸ்டமினை மட்டுமே தடுப்பது. தும்மலை நிறுத்தும் அம்மாத்திரை இழுப்பை நிறுத்தாமல் போவதன் காரணம் இதுவே. கடையில் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது ஆபத்தான பழக்கம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த முதல் தாக்கம் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் பெரும்பாலும் தணிகிறது. ஆனால் பலருக்கு நான்கு முதல் எட்டு மணித்தியாலங்கள் கழித்து இரண்டாவது தாக்கம் ஒன்று வருகிறது. மாஸ்ட் கலங்களும் ரி கலங்களும் அனுப்பிய அழைப்பை ஏற்றுக் குருதியிலிருந்து வந்து சேர்ந்த வேறு கலங்களே அதற்குக் காரணம். இதை அறியாததால் நாம் பழியை இடம் மாற்றிப் போடுகிறோம். தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சலிக்கும் பகுதியில் பகல் முழுதும் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது இலையின் நுண்மயிர்கள் பஞ்சுபோலப் பறந்து புருவத்திலும் தலைத்துணியிலும் படியும். அங்கே அவருக்கு இலேசான இருமல்தான். கடும் இழுப்பு வருவது வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின். அவரும் வீட்டாரும் பனியைக் குறை சொல்கிறார்கள், அல்லது இரவில் சாப்பிட்ட வாழைப்பழத்தைக் குறை சொல்கிறார்கள். தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வரக்கூடும் என்பதை இலங்கை மருத்துவரான சி. ஜி. ஊரகொட 1970இலேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார். வேலை நாட்களில் கூடி, நீண்ட விடுமுறையில் குறைகின்ற இழுப்பு என்றால், தொழிலிடத்தைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தாக்கத்தின் முதன்மைக் கலம் ஈசினோபில் என்னும் வெள்ளைக்குருதிக் கலம். இன்டர்லூக்கின் 5 என்னும் செய்தி, குருதிக் கலங்கள் உருவாகும் என்பு மச்சையைச் சென்றடைந்து, இக்கலங்களை அதிகமாக உற்பத்தி செய்யவும் வெளியே அனுப்பவும் தூண்டுகிறது. மூச்சுக்குழாய்க்கு வந்து சேரும் ஈசினோபில்கள் தம் மணிகளிலுள்ள நச்சுப் புரதங்களை வெளியேற்றுகின்றன. அவை புழுவின் தோலைப் புண்ணாக்கும் ஆற்றலுடையவை. இங்கே புழு இல்லாததால் நமது மேலணியே புண்ணாகிறது. அவை சிதையும்போது சளிக்குள் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உருவாகின்றன. சார்கோ, லைடன் என்னும் இரு மருத்துவர்களின் பெயரால் 19ஆம் நூற்றாண்டு முதல் அறியப்பட்ட அப்படிகங்கள் வெறும் மிச்சங்கள் அல்ல, தாமே அழற்சியை வளர்ப்பவை என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மூன்றாவது செய்தியான இன்டர்லூக்கின் 13, சளி சுரக்கும் கலங்களைப் பெருக்கி, சளியைத் தடித்த கயிறுபோல ஆக்குகிறது. நிணநீர்க் கணுவில் பயிற்சி எதுவும் பெறாமலே மேலணியின் அபாய அறிவிப்பைக் கேட்டவுடன் இன்டர்லூக்கின் 5ஐயும் 13ஐயும் கொட்டக்கூடிய, இரண்டாம் வகை இயல்பு நிணநீர்க் கலங்கள் என்ற இன்னொரு கூட்டமும் 2010ஆம் ஆண்டளவில் அறியப்பட்டது.

குருதிப் பரிசோதனை அறிக்கையில் ஈசினோபில் என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக அது நூற்றுக்கு ஐந்தாறைத் தாண்டாது. அது பத்தோ பதினைந்தோ என்று வந்திருந்தால் ஆஸ்துமா உறுதி என்று கொள்ளக்கூடாது. ஐஜிஈயும் ஈசினோபிலும் அடிப்படையில் புழுக்களுக்கு எதிரான ஏற்பாடு என்பதால், வயிற்றில் புழு இருந்தாலும் இரண்டும் உயரும். வெறுங்காலோடு மலையேறிய தோட்டத் தொழிலாளர்களைக் கொக்கிப் புழு எவ்வளவு வாட்டியது என்பதற்கு, 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப் புழு ஒழிப்புப் பணி இலங்கைத் தோட்டங்களில் தொடங்கப்பட்டதே சான்று. ஆகையால் மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு முதலில் புழு மருந்து எழுதிக் கொடுத்தால், இழுப்பை அவர் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டியதில்லை.

இனிப் பனிக்கு வருவோம். குளிர்காற்று ஒவ்வாமைப் பொருள் அன்று. அதற்கு ஐஜிஈ உருவாவதில்லை. ஆனால் ஈசினோபில்கள் புண்ணாக்கிய, எப்போதும் சற்று வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய், ஆரோக்கியமான குழாய் பொருட்படுத்தாத சிறு தூண்டலுக்கும் இறுகிவிடும். விடிகாலைப் பனியில், தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு ஓடும்போது மூச்சு இரைப்பதும், ஈர விறகு புகையும்போது நெஞ்சு அடைப்பதும், பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்தவுடன் இழுப்பு தொடங்குவதும் இவ்வழியில்தான். பனி இழுப்பைக் கிளப்புகிறது என்ற பெரியவர்களின் அனுபவம் உண்மை; பனிதான் நோயின் மூலம் என்பது உண்மையன்று. நுவரெலியாவை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போன பலருக்கு அங்கேயும் இழுப்பு தொடர்வதில் வியப்பில்லை. கொழும்பின் ஈரக்காற்றும் தூசிப் பூச்சிக்கு உகந்ததுதான். எல்லா ஆஸ்துமாவும் ஒவ்வாமையால் வருவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நடுவயதுக்குமேல் தொடங்கும் சிலரது நோயில் ஐஜிஈயின் பங்கு இல்லை, வேறு சிலரிடம் ஈசினோபிலுக்குப் பதிலாக நியூட்ரோபில்கள் என்னும் வேறு வகை வெள்ளைக்குருதிக் கலங்கள் மிகுந்திருக்கும்.

கலங்களைத் தெரிந்துகொண்டபின் மருந்துகளை விளங்கிக்கொள்வது எளிது. நீல நிற பம்பில் உள்ள சல்பியூட்டமோல் தசையை மட்டும் தளர்த்துகிறது. நிமிடங்களில் மூச்சு திறப்பதால் அதுவே நல்ல மருந்து என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் ஈசினோபில்களும் ரி கலங்களும் அங்கேயே இருக்கின்றன. கபில நிற பம்பில் இருக்கும் பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்து, கலங்களுக்குள் நுழைந்து சைட்டோகைன்களைச் செய்யும் மரபணுக்களை அடக்குகிறது. அழைப்பு நின்றதும் ஈசினோபில்கள் படிப்படியாகக் குறைகின்றன. இதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். சுகமாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டிய பம்பு இதுவே. எடுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாத காரணத்தால் அதைத்தான் முதலில் நிறுத்திவிடுகிறார்கள். தூளாக உறிஞ்சுவதற்குக் கொடுத்த ரொட்டாகேப் குளிகைகள் அலுமாரியில் அப்படியே கிடக்கும். பம்பு பழகிவிடும் என்ற பயமும், பெண்பிள்ளை பம்பு அடிப்பதை அயல் லயத்தார் பார்த்தால் சம்பந்தம் தடைப்படும் என்ற கவலையும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. இரண்டுக்கும் அடிப்படை இல்லை. உறிஞ்சும் மருந்தின் அளவு மிகச் சிறியது. எடுத்தபின் வாய் கொப்பளித்தால் வாயில் வரும் வெண்படலமும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டலை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களும் பதின்வயதினரும் சல்பியூட்டமோலை மட்டும் நம்பியிருப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. நீல பம்பு கேட்காமல் போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, இரவென்றும் மழையென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தூசிப் பூச்சியைப் பொறுத்தவரை, வெயில் வரும் நாளில் படுக்கையை வெளியே காயப்போடுவதும், 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுடுநீரில் உறைகளைத் துவைப்பதும் பூச்சிகளைக் குறைக்கும்; ஆனால் இவை மட்டும் மருந்துக்கு ஈடாவதில்லை.

கடும் ஆஸ்துமாவுக்கென்று அண்மைக் காலத்தில் வந்திருக்கும் ஊசிகள், மேலே சொன்ன சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியைத் தனியாக அறுப்பவை. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமலிசுமாப், ஐஜிஈயைப் பற்றிக்கொண்டு மாஸ்ட் கலத்தில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. 2015இல் வந்த மெபொலிசுமாப் இன்டர்லூக்கின் 5ஐ மறிக்கிறது. 2018இல் ஆஸ்துமாவுக்கு அனுமதிக்கப்பட்ட டுபிலுமாப் இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய இரண்டின் வேலையையும் ஒருங்கே தடுக்கிறது. 2021இன் டெசெபெலுமாப் அதற்கும் முன்னால் போய், மேலணி எழுப்பும் அபாய அறிவிப்புகளில் ஒன்றையே நிறுத்துகிறது. இவை விலை மிகுந்தவை, கடும் நோயுள்ள சிலருக்கே உரியவை. ஹட்டனிலோ பதுளையிலோ மாதாந்தம் கிளினிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு, முறையாக உறிஞ்சப்படும் கபில பம்பே இக்கண்ணிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் தளர்த்திவிடும்.